பழைய விமானங்களும் அவற்றின் தாங்குகால்களும்

ஓர் இயந்திரத்தின் ஆயுள் அதனை ஆக்கிய தொழிற்சாலையின் ஆயுளினும் நீண்டதாதல் உண்டு. ஆகாய விமானங்களின் வரலாற்றில் இவ்வுண்மை பெரிதும் விளங்குகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் 1938 முதல் 1947 வரை ஏறக்குறைய 20,000 ‘பைப்பர் கப்’ விமானங்கள் செய்யப்பட்டன. அவற்றுட் பல இன்றும் பறக்கின்றன. ரெக்சாஸ் மாநிலத்தில் ‘சுவிப்ற்’ என்னும் விமானத்தை ஆக்கிய ‘குளோப்’ கொம்பனி 1947-இல் முறிந்தது. அதன்பின் ‘ரெம்கோ’ கொம்பனி அத்தொழிலை ஏற்று நடாத்தி, 1951-இல் அதனை நிறுத்திவிட்டது. எனினும், அவ்விமானத்தை உடையோர் அதனைக் கைவிட்டாரில்லை. செய்தவர் மறைந்தபின்னும் செய்பொருள் நின்று பயன்றருமாயின், அதன் தேய்ந்த உறுப்புக்களை எவர் ஆக்குவர்? அவ்வாறு ஆக்கப்பட்ட உறுப்பினை எவ்வாறு நம்புவது? இவ்விரு வினாக்களுமே இக்கட்டுரையின் பொருளாகும். விமானத்தின் எவ்வுறுப்புக்கும் இவை பொருந்துமாயினும், தரையிலிறங்கும்போது அதன் பாரம் முழுவதையும் ஏற்கும் தாங்குகால்களின் வைத்து ஆராய்தல் தெளிவு பயக்கும்.

தாங்குகாலின் தொழில்

‘லாண்டிங் கியர்’ என வழங்கும் இவ்வமைப்புச் சில்லு, அச்சு, கால், அதிர்ச்சி தாங்கி, இவற்றை உடலோடு பிணைக்கும் ஆணிகள் ஆகியவற்றைக் கொண்டது. விமானத்தை நிலத்தில் நிறுத்துவது மட்டும் இதன் தொழிலன்று. இறங்கிவரும் விமானத்தின் கீழ்நோக்கிய வேகத்தைச் சிறிது சிறிதாகத் தணித்து, அதன் ஆற்றலை உட்கொள்வதே தலையாய தொழில்.

இதனை ஓர் எளிய கணக்கினால் உணரலாம். சிறிய விமானங்களின் தாங்குகால்கள், செக்கனுக்கு 7 அடி முதல் 10 அடி வரையான வேகத்தில் நிலத்தைத் தொடினும் கேடுறாதவாறு அமைக்கப்படுகின்றன. செக்கனுக்கு 7 அடி என்பது, ஏறக்குறைய 9 அங்குல உயரத்தினின்றும் தடையின்றி விழும் பொருள் பெறும் வேகமாகும். பைப்பர் கப் விமானத்தின் உச்ச நிறை 1,220 இறாத்தல். இறக்கைகள் அந்நிறையைத் தாங்கிக்கொண்டிருக்க, தாங்குகால் 6 அங்குலம் நெகிழ்ந்து இவ்வேகத்தை அடக்குமாயின், அது கொடுக்கவேண்டிய சராசரி விசை விமான நிறையின் ஒன்றரை மடங்கு, அஃதாவது 1,830 இறாத்தல் அளவினதாகும். அதே வேகம் அரை அங்குலத்துள் அடக்கப்படின், விசை நிறையின் பதினெண்மடங்கு ஆகும். ஏறக்குறைய 22,000 இறாத்தல் என்க. நெகிழ்ச்சியே காப்பு என்பது இதனாற் பெறப்படும்.

இந்நெகிழ்ச்சியைப் பெறும் வழிகள் மூன்று. பைப்பர் கப் விமானத்தில் இறுகச் சுற்றிய றப்பர்க் கயிறுகள் நீண்டு சுருங்குகின்றன. 1946-இல் வெளிவந்த ‘செஸ்னா 140’ விமானத்தில் வில்லுருக்காலாகிய ஒற்றைக் கால் வளைந்து நிமிர்கின்றது. இம்முறையை வகுத்தவர் ஸ்ரீவ் விற்மன் என்னும் அமெரிக்கர். மூன்றாவது வகையில், உருளையொன்றினுள் இயங்கும் ஆடுதண்டு எண்ணெயைச் சிறு துவாரத்தின் வழியே செலுத்துகின்றது. எண்ணெயின் உராய்வு ஆற்றலைத் தணிக்க, அடைபட்ட காற்று வில்போல நின்று தண்டினை மீண்டும் தள்ளுகின்றது. றப்பர்க் கயிற்றை மாற்றுதல் எளிது. ஆடுதண்டு, உருளை, கணுக்கள், ஆணிகள் என்பன தேயுமிடத்துத்தான் கடைசற்பட்டறையை நாடவேண்டியதாகின்றது.

உறுப்புக் கெடுமாறு

மயிலிறகேயாயினும் அளவிறந்து ஏற்றின் அச்சு முறியும் என்பது தமிழர் நெடுங்காலமாக அறிந்த உண்மை. உலோகவியல் இதன்மேலும் ஓர் உண்மையைக் காட்டுகின்றது. அளவு மிகாத சுமையாயினும், அது பல்லாயிரம் முறை வந்து தாக்குமாயின் உலோகம் களைப்புற்றுப் பிளக்கும். பிளவு கண்ணுக்குப் புலப்படாத ஒரு கீறலிலே தொடங்கும். ஒவ்வொரு இறக்கத்திலும் மயிரிழையளவு நீளும். எஞ்சிய பகுதி சுமை தாங்காத நாளிலே திடீரென முறியும்.

துரு மற்றொரு பகை. உட்குழலில் தேங்கிய நீர் வெளித்தோற்றம் மாறாதிருக்கவே உருக்கினை உண்டுவிடும். வலிமை மிக்க சில அலுமினியக் கலப்புலோகங்களிற் பிறிதோர் இடர் உண்டு. இடையறாத இழுவிசையும் ஈரமும் ஒருங்கு சேரின் அவை விமானம் நின்ற இடத்திலேயே வெடிக்கக்கூடும். 7075 என்னும் எண்ணுடைய கலப்புலோகம், ‘ரி6’ எனும் வெப்பப் பதத்தில் இக்குறையுடையது. பின்னர் வந்த ‘ரி73’ எனும் பதம் வலிமையிற் சிறிது குறைந்ததாயினும் இக்கேட்டினைப் பெரிதும் தடுக்கின்றது.

இவற்றை நோக்குமிடத்து, ‘பழைய மெய்யுறுப்பே சிறந்தது, புதிதாகக் கடைந்தது ஐயத்துக்குரியது’ என்னும் பொதுக்கருத்து முற்றும் பொருந்தாமை புலனாகும். உடைந்த விமானமொன்றிலிருந்து கழற்றிய உறுப்பு, தொழிற்சாலை முத்திரையைத் தாங்கியிருக்கலாம். ஆனால், அஃது எத்துணை முறை நிலத்தை மோதியது, எவ்வாறு வளைந்து எவ்வாறு நிமிர்த்தப்பட்டது என்பதை முத்திரை உரைப்பதில்லை. மறுபுறம், புதிய உறுப்பென்பதனாலேயே அது நல்லதாகிவிடுவதுமில்லை.

சட்டம் வகுத்த நெறி

அமெரிக்க மத்திய விமானப் போக்குவரத்து நிருவாகத்தின் விதிகளின்படி, விமானங்களுக்குரிய மாற்றுறுப்புக்களைச் செய்து விற்போர் அரசின் அங்கீகாரம் பெறல் வேண்டும். ஆயின், விமான உரிமையாளர் தமது விமானத்தைப் பேணுதற்பொருட்டுத் தாமே உறுப்பொன்றை ஆக்குதற்கு அவ்விதிகள் இடந்தருகின்றன. ‘தாமே ஆக்குதல்’ எனின், உரிமையாளர் தம் கையாற் கடையவேண்டும் என்பது பொருளன்று. 1993-ஆம் ஆண்டில் அந்நிருவாகத்தின் சட்டப் பிரிவு இதற்கு விளக்கம் தந்தது. அதன்படி, உறுப்பின் அமைப்பிலோ ஆக்கத்திலோ தரத்திலோ உரிமையாளர் பங்குகொண்டிருத்தல் வேண்டும். வரைபடத்தை அல்லது செயற்றிறன் விபரத்தை அளித்தல், மூலப்பொருளைக் கொடுத்தல், செய்முறையை வகுத்துக் கொடுத்தல், தரச்சோதனை முறையை விதித்தல், வேலையை நேரில் மேற்பார்த்தல் என்னும் ஐந்தனுள் ஒன்றேனும் அவர் பாலதாதல் வேண்டும். பட்டறைக்குச் சென்று, ‘இதுபோல் ஒன்று தருக’ என்று கூறிப் பணங்கொடுத்து மீளுதல் பங்குகொள்ளல் ஆகாது.

இச்சலுகைக்கு எல்லைகளும் உள. உறுப்பு உரிமையாளரின் சொந்த விமானத்துக்கு உரியதேயன்றி விற்பனைக்கு உரியதன்று. அது அங்கீகரிக்கப்பட்ட அமைப்புக்கு ஒத்திருத்தல் வேண்டும். பொருத்தும் வேலை விமானத்தின் பதிவேட்டில் எழுதப்படல் வேண்டும். அதனைப் பொருத்தும் அனுமதிபெற்ற தொழில்நுட்பர், அது பறத்தற்குத் தக்கதெனத் தாமும் மனநிறைவு அடைந்திருத்தல் வேண்டும். ஆகவே, உரிமையாளரது பொறுப்பும் தொழில்நுட்பரது பொறுப்பும் தனித்தனி நிற்பன. ஒருவர் மற்றவர்மேற் சுமத்தித் தப்புதற்கு இடமில்லை. பழைய மூலப்பொருள் கிடைக்காதவிடத்து அதற்கீடாக எதனைக் கொள்ளலாம் என்பது பற்றி 2009-ஆம் ஆண்டில் அந்நிருவாகம் வழிகாட்டிச் சுற்றறிக்கை ஒன்றையும் வெளியிட்டது.

வரைபடம் பற்றிய வழக்கு

அங்கீகரிக்கப்பட்ட அமைப்புக்கு உறுப்பு ஒத்திருத்தல் வேண்டுமெனின், அவ்வமைப்பினைக் காட்டும் வரைபடம் வேண்டும். ஈண்டே பெருந்தடை தோன்றுகின்றது. 1930-களில் ஆக்கப்பட்ட ‘பெயர்ச்சைல்ட் எப்-45’ என்னும் அரிய விமானத்தை உடைய கிரெக் ஹெரிக் என்பார், அதனைப் புதுக்குவதற்காக அரசிடமிருந்த வரைபடங்களைக் கேட்டார். அவை கொம்பனியின் தொழில் இரகசியம் எனக் கூறி நிருவாகம் மறுத்தது. ஆனால், அவ்விமானத்தை ஆக்கிய கொம்பனியே, பழுதுபார்த்தற்கும் மாற்றுறுப்புச் செய்தற்கும் தன் ஆவணங்களைப் பொதுமக்களுக்குக் கொடுக்கலாமென 1955-இல் அரசுக்கு எழுதியிருந்தது. அவ்விசைவைப் பின்வந்த கொம்பனி மறுத்தமையால் ஹெரிக் வழக்கிலே தோற்றார். அவர் நண்பர் பிரென்ற் ரெயிலர் அதே ஆவணங்களைக் கோரிப் புதிதாக வழக்குத் தொடுத்தார். ஒருவர் தோற்ற வழக்கு மற்றவரைக் கட்டுப்படுத்துமா என்ற சட்டவினா உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2008-இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், நட்பினை மட்டுங்கொண்டு ரெயிலரின் வழக்கைத் தள்ளுதல் ஆகாது என ஒருமுகமாகத் தீர்த்தது. வழக்கு மீண்டும் கீழ் நீதிமன்றத்தை அடைந்தபோது, 2011-இல், 1955-ஆம் ஆண்டுக் கடிதத்தின்பின் அவை இரகசியமாகா எனத் தீர்ப்பாயிற்று.

இரும்புத் துண்டுகளுக்கு நீதிமன்றப் படிகள் ஏறுதல் வேண்டுமோ எனச் சிலர் வினவக்கூடும். வரைபடம் இரும்பன்று, அஃது ஒரு தலைமுறைப் பொறியியலாளரின் அறிவு. அவ்வறிவு பூட்டப்பட்டிருப்பின், உரிமையாளர் ஊகத்தையே நம்பவேண்டியவராவர். வேறு சிலர் இவ்விடரைக் கூட்டுறவினாற் கடந்தனர். சுவிப்ற் விமானத்தின் அமைப்புரிமை, அதனை உடையோரும் ஆர்வலரும் சேர்ந்து ரெனெசி மாநிலத்தில் நடாத்தும் நிறுவனமொன்றின் வசம் இருக்கின்றது. உறுப்புக்களை வழங்கும் பணியையும் அந்நிறுவனமே ஆற்றுகின்றது.

மாதிரியைப் பார்த்துச் செய்தல்

வரைபடம் கிடையாதவிடத்துப் பழைய உறுப்பை அளந்து புதியது செய்யலாமே எனின், அளவுகோல் கூறாதன பல உள. தேய்ந்த ஆணியை அளந்தால் தேய்ந்த அளவே கிடைக்கும். ஆக்கியோர் அனுமதித்த அளவு வேறுபாடு எத்துணை என்பதை ஒற்றை மாதிரி உணர்த்தாது. இவற்றினும் முக்கியமானது உலோகத்தின் அகநிலை. 1025 என்னும் எண்ணுடைய மெல்லுருக்குச் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 55,000 இறாத்தல் இழுவிசையைத் தாங்கும். குரோமியமும் மொலிப்தீனமும் கலந்த 4130 உருக்கு, இயல்பாக்கிய பதத்தில் 90,000 இறாத்தல் வரை தாங்கும். அதே 4130 உருக்கினைச் சூடேற்றி எண்ணெயிற் குளிர்வித்து மீளப் பதப்படுத்தினால் 125,000 முதல் 180,000 இறாத்தல் வரை தாங்கச் செய்யலாம். இம்மூன்றும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஆதலின், கடினத்தைச் சோதித்தும் இரசாயனக் கூறுகளைப் பகுத்தும் மூலப்பொருளைத் துணிதல் இன்றியமையாதது.

இனி, வடிவிலும் நுண்மை உண்டு. தடித்த தண்டு மெலிந்த தண்டாக மாறும் மூலையில் வரைபடம் ஒரு சிறு வளைவைக் காட்டும். அதன் பொருளறியாத கடைசற்காரர் அம்மூலையைக் கூராக வெட்டிவிடின், விசை அவ்விடத்திற் குவிந்து களைப்புப் பிளவுக்கு வித்தாகும். உறுப்பு அளவிற் சரியாகவே இருக்கும். ஆயினும் அதன் ஆயுள் குன்றும்.

மேற்பூச்சிலும் ஓர் இடர் மறைந்து கிடக்கின்றது. துருவைத் தடுக்கக் கட்மியமும், தேய்வைத் தடுக்கக் குரோமியமும் மின்முறையாற் பூசப்படுகின்றன. அப்போது வெளிப்படும் ஐதரசன் உருக்கினுட் புகுந்து, வலிமை மிக்க உருக்கினை நொறுங்குந் தன்மையதாக்கும். பூசியபின் காலந்தாழ்த்தாது ஏறக்குறைய 190 பாகை சதமவளவைச் சூட்டிற் பல மணிநேரம் வைத்து அவ்வாயுவை வெளியேற்றல் வேண்டும். இப்படியைத் தவறவிட்ட உறுப்பு ஒளிவீசி அழகுற விளங்கும். சுமையேற்ற சிலநாளில் முன்னறிவிப்பின்றி முறியும். ஈற்றில், காந்தத்தூள் கொண்டு மேற்பரப்புப் பிளவுகளைத் தேடும் சோதனை நடைபெறல் வேண்டும்.

‘பழையதினும் வலிய உருக்காற் செய்தால் என்ன?’ என்பது பலர் எழுப்பும் வினா. வலிமை ஏறுந்தோறும் உருக்குக் கீறலுக்கு அஞ்சும் இயல்புடையதாகின்றது. மேலும், முறியவேண்டிய ஆணி முறியாது நிற்பின், அவ்விசை விமானத்தின் உடற்சட்டத்தைச் சென்று தாக்கும். ஓர் ஆணியைக் காத்து உடலை இழத்தல் அறிவுடைமையாகாது. ஓருறுப்பின் வலிமை ஏனையவற்றோடு இயைந்த வலிமையாகவே இருத்தல் வேண்டும்.

முடிவுரை

தொடக்கத்தில் எழுந்த வினாக்களுக்கு இப்போது விடை கூறலாம். பழைய விமானத்தின் உறுப்பினை அதன் உரிமையாளர் ஆக்குவிக்கலாம். சட்டமும் அதனை ஏற்கின்றது. அவ்வுறுப்பினை நம்புதற்குரிய காரணம் அதன்மீது பொறித்த பெயரன்று; அதன் பழமையுமன்று; புதுமையுமன்று. எவ்வுலோகம், எவ்வளவு, எப்பதம், எப்பூச்சு, எச்சோதனை என்னும் ஐந்து வினாக்களுக்கும் எழுத்திலே விடை இருத்தலே அந்நம்பிக்கைக்கு அடிப்படை. இவ்வெழுத்தினைப் பேணுதல் செலவும் உழைப்பும் வேண்டும் செயல். ஓர் உறுப்புக்காக வரைபடம் தேடி, உலோகம் சோதித்து, பூச்சும் பதமும் முறையே செய்வித்தல், பழைய உறுப்பொன்றை விலைக்கு வாங்கிப் பொருத்துவதினும் பன்மடங்கு கடினம். ஆயினும், விமானி மட்டுமன்றி அவரை நம்பி உடன் ஏறுவோரும் அக்கால்களின் மேலேயே நிலத்துக்கு மீள்கின்றனர். இவ்வுண்மையை உணர்வோர் அவ்வுழைப்பினை மிகையெனக் கருதார். முன்னோர் ஆக்கிய பொருளைக் காக்க விழைவோர், அப்பொருளோடு அதனை ஆக்கிய அறிவையும் காத்தல் வேண்டும். அறிவு அழிந்தபின் எஞ்சும் பொருள் காட்சிசாலைக்கு அணியாகலாம். வானத்திற் பறத்தற்கு உரியதாகாது.