மாரியில் ஓய்ந்திருக்கும் படகு இயந்திரம்: பழுதாகாமல் வைப்பது எப்படி?

வயலையும் தோட்டத்தையும் விட்டு இடம்பெயர்ந்து கரையோரங்களில் குடியேறிய விவசாயக் குடும்பங்கள் பல, களப்பிலும் கடலிலும் தொழில் செய்யப் பழகிக்கொண்டன. நிலம் கைவிட்டுப் போன குடும்பத்துக்குக் கடன்பட்டு வாங்கிய படகும் அதன் வெளியிணைப்பு இயந்திரமுமே முதல். சில இடங்களில் இரண்டு மூன்று குடும்பங்களுக்கு ஓர் இயந்திரம்தான் இருக்கும். அது பழுதானால் அத்தனை வீட்டு அடுப்பும் அணைந்துவிடும்.

ஐப்பசியில் மழை பிடித்து வாடைக்காற்றும் எழுந்துவிட்டால் கிழக்கு, வடகிழக்குக் கரைகளில் கடல் கொந்தளிக்கும். தை மாதம் வரை சிறு படகுகள் பெரும்பாலும் கரையிலேயே கிடக்கும். கடல் தணிந்தபின் இயந்திரத்தை இயக்கினால், முன்பு நன்றாக ஓடியது இப்போது அசையவே மறுக்கும். “சும்மா கிடந்த இயந்திரம் எப்படிப் பழுதானது?” என்று கேட்கிறோம். அது சும்மா கிடந்ததுதான் காரணம்.

கெடுப்பவை எவை?

குளிர் நாடுகளிலும் படகுகளைக் குளிர்காலத்தில் கரையேற்றி வைப்பார்கள். அங்கே பெரும் பகை பனிக்கட்டி. நீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். உள்ளே நீர் தங்கியிருந்தால் இரும்பையும் அலுமினியத்தையும் அது பிளந்துவிடும். எமது கரையில் அந்தப் பயம் இல்லை. எமக்குப் பகை நான்கு: உப்பு, பழைய எரிபொருள், கியர் பெட்டிக்குள் புகுந்த நீர், மாரிக் காற்றின் ஈரம். இந்த நான்கையும் இயந்திரத்துக்குள் விட்டுவைக்காமல் அதை மூடிவைக்க வேண்டும். இதற்கு அரை நாள் போதும்.

1. உப்பைக் கழுவுதல்

ஒரு லீற்றர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. இயந்திரத்தைக் குளிர்விக்க உள்ளே ஓடும் நீர் வற்றும்போது அந்த உப்பு குழாய்களில் படிந்து, அலுமினியத்தை அரித்து, நீர்வழியை அடைக்கும்.

பாதி வெட்டிய பரல் ஒன்றில் நன்னீர் நிரப்புங்கள். முதலில் புரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். இயந்திரத்தின் கால் பகுதியைப் பரலுக்குள் இறக்குங்கள். நீர் உறிஞ்சும் துவாரங்களும் புரொப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டையான தகடும் நீருக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். கியர் போடாமல், மெதுவான ஓட்டத்தில் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். பக்கத்துத் துவாரத்தால் நீர் சீராகப் பாய்கிறதா என்று பாருங்கள். பாயாவிட்டால் உடனே நிறுத்துங்கள். நீரில்லாமல் ஒருபோதும் இயக்க வேண்டாம். நீரை இறைக்கும் சிறிய ரப்பர் சக்கரம் வரண்டு ஓடினால் மிக விரைவில் கருகிவிடும்.

2. எரிபொருளை வெளியேற்றுதல்

எமது இயந்திரங்களில் பல பெற்றோலில் இயங்கத் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுபவை. கழுவும்போது கடைசிச் சில நிமிடங்கள் பெற்றோலிலேயே ஓடவிடுங்கள். உள்ளே நின்ற மண்ணெண்ணெய் எரிந்து முடியும். (இரு அடிப்பு இயந்திரமாயின் பெற்றோலில் உரிய அளவு ஒயில் கலந்திருக்க வேண்டும்.) பின்னர் எரிபொருள் குழாயைக் கழற்றிவிட, இயந்திரம் தானாக நிற்கும். அதன்பின் காபரேற்றரின் அடியிலுள்ள திருகாணியைத் தளர்த்தி, மிஞ்சியதையும் ஒரு பாத்திரத்தில் வடித்துவிடுங்கள்.

தேங்கி நிற்கும் பெற்றோலில் இலேசான பகுதி ஆவியாகிப் போக, பிசின் போன்ற பொருள் அடியில் தங்கும். காபரேற்றரின் ஊசித்துவாரங்களை அதுவே அடைக்கிறது. தாங்கியில் மிஞ்சிய எரிபொருளையும் மாரி முழுவதும் வைத்திராமல் வேறு தேவைக்குப் பாவித்துவிடுங்கள்.

பெற்றோல் கானை அடுப்பு எரியும் குடிலுக்குள் வைக்கவே கூடாது. அதன் ஆவி காற்றைவிடப் பாரமானது. நிலத்தோடு ஊர்ந்து அடுப்புவரை போகும். மண்ணெண்ணெய் அடுப்பிலோ விளக்கிலோ பெற்றோல் கலந்ததை ஒரு துளியும் ஊற்றாதீர்கள்.

3. உள்ளே ஒயில் பூசுதல்

எரிபொருள் ஆவி அடங்கியபின் பிளக்குகளைக் கழற்றுங்கள். இயந்திரத்தை நிறுத்தும் கொளுக்கியையும் கழற்றி வையுங்கள், தீப்பொறி எழாது. ஒவ்வொரு துவாரத்திலும் ஒரு தேக்கரண்டி இரு அடிப்பு ஒயிலை விட்டு, இழுகயிற்றை மெதுவாக நான்கைந்து முறை இழுங்கள். ஒயில் சிலிண்டரின் சுவரெங்கும் படலமாகப் பூசப்பட்டு, ஈரக் காற்று உலோகத்தைத் தொடாமல் காக்கும். பிளக்குகளைத் திரும்பப் பூட்டிவிடுங்கள்.

4. கியர் ஒயிலைப் பார்த்தல்

கால் பகுதியின் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு திருகாணிகள் இருக்கும். இரண்டையும் கழற்றிப் பழைய ஒயிலை வடியுங்கள். ஒயில் பால் கலந்த தேநீர் போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. அப்படியே மூன்று மாதம் விட்டால் பல்சக்கரங்களும் பெயரிங்குகளும் துருப்பிடிக்கும். நீர் புகுவதற்கு அடிக்கடி காரணமாவது புரொப்பெல்லரின் பின்னால் சுற்றிக்கொள்ளும் வலைநூல்; அது நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை அறுத்துவிடும். நூலை அகற்றி, வளையத்தை மாற்றுங்கள்.

புது ஒயிலைக் கீழ்த் துவாரத்தால் ஏற்ற வேண்டும். மேல் துவாரத்தால் அது வழியும்போது முதலில் மேல் திருகாணியையும் பின்னர் கீழ்த் திருகாணியையும் பூட்டுங்கள். புரொப்பெல்லர் தண்டுக்குக் கிறீஸ் பூசுங்கள். உப்பு அரிப்பைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளும் துத்தநாகக் கட்டி பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள். அதன்மேல் வர்ணம் பூசக்கூடாது. பூசினால் அது வேலை செய்யாது.

எங்கே வைப்பது?

இயந்திரத்தை மரத்தாங்கி ஒன்றில் நேராக நிறுத்தி வையுங்கள். எடுத்துச் செல்லும்போதும் தலைப்பகுதி கால் பகுதியைவிட உயரமாகவே இருக்கட்டும். இல்லாவிட்டால் காலில் மிஞ்சிய நீர் சிலிண்டருக்குள் இறங்கும். பொலித்தீனால் இறுகக் கட்டினால் உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும். துணியோ சாக்கோ கொண்டு காற்றோட்டமாக மூடுங்கள். வெளியே திறந்துள்ள துவாரங்களில் குளவி மண்கூடு கட்டும். அவற்றைத் துணியால் அடைத்து, துணியின் நுனி வெளியே தெரியும்படி விடுங்கள். மறுபடி இயக்கும்போது அகற்ற மறக்கமாட்டீர்கள்.

படகை மறவாதீர்

1964 மார்கழியிலும் 1978 கார்த்திகையிலும் வீசிய சூறாவளிகளும், 2020 மார்கழித் தொடக்கத்தில் வந்த புரெவியும் எமது கரைகளை இந்தப் பருவத்திலேயே தாக்கின. ஆகவே அலை வழமையாக எட்டும் எல்லைக்கு வெகு மேலே படகை ஏற்றி, தென்னங்குற்றிகளின்மேல் வைத்து, உறுதியான மரத்தில் இரண்டு பக்கமும் கட்டுங்கள்.

அடித்துவாரத்தின் தக்கையைக் கழற்றி, முன்பக்கமாகிய அணியத்தைச் சற்று உயர்த்தி வையுங்கள்; மழைநீர் வடிந்துவிடும். 5 சதுர மீற்றர் பரப்பில் 10 சென்ரிமீற்றர் நீர் தேங்கினால் அது 500 லீற்றர்; அதன் நிறை 500 கிலோ. அந்தப் பாரத்தில் கண்ணாடியிழை உடல் வெடிக்கும். தேங்கிய நீரில் டெங்கு நுளம்பும் பெருகும். சிறு படகாயின் கவிழ்த்து வைப்பது இன்னும் நல்லது.

இலக்கங்களை எழுதி வையுங்கள்

இயந்திர இலக்கத்தையும் படகின் பதிவு இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதி, கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களப் பதிவுத் தாளோடும் அடையாள அட்டையோடும் நீர் புகாத பையில் வையுங்கள். திடீரென்று எழும்பி ஓடவேண்டி வந்தால் இயந்திரத்தைத் தூக்க முடியாது. ஆனால் இந்தப் பையை எடுத்துச் செல்லலாம். பொருள் களவு போனாலும் புயலில் அழிந்தாலும் “இது எனது” என்று காட்ட இலக்கம் வேண்டும். கூட்டாக வைத்திருப்போர், எந்தத் திகதியில் எவர் என்ன வேலை செய்தார் என்பதையும் அதே கொப்பியில் குறித்துக்கொண்டால் பின்னர் மனத்தாங்கல் வராது.

நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் இதுவே

வெங்காயத் தோட்டத்துக்கு இறைக்கும் மண்ணெண்ணெய் இயந்திரமும் மாரியில் சும்மா கிடப்பதுதான். அதன் பம்பிப் பகுதியிலுள்ள நீரை அடித்திருகாணியால் வடியுங்கள். எரிபொருளையும் வடியுங்கள். எஞ்சின் ஒயிலை மாற்றுங்கள். கிணற்றிலிருந்து உறிஞ்சுகுழாயை எடுத்து, அதன் அடிவால்வைக் கழுவி வையுங்கள். டீசல் உழவு இயந்திரத்துக்கு மட்டும் ஒரு மாற்றம் உண்டு: அதன் தாங்கியை நிரப்பியே வைக்க வேண்டும். வெறுந்தாங்கியின் சுவரில் ஈரம் படிந்து நீராகி டீசலோடு கலக்கும்.

தை பிறந்ததும் அடைத்த துணிகளை அகற்றுங்கள். பிளக்குகளைத் துடைத்துப் பூட்டி, புது எரிபொருள் ஊற்றி, முதலில் பரல் நீரில் வைத்து இயக்கிப் பாருங்கள். உள்ளே விட்ட ஒயில் எரிவதால் தொடக்கத்தில் சற்றுப் புகை வரும், பயப்பட வேண்டாம். பக்கத் துவாரத்தால் நீர் சீராகப் பாய்ந்தால் படகைக் கடலில் இறக்கலாம்.