தாய்மையும் குருதியின் மாற்றங்களும்

கருவுற்ற தாயின் வயிறு வளர்வதை ஊரார் காண்பர். அதற்குப் பல வாரங்கள் முன்னரே அவள் குருதியில் தொடங்கிவிடும் மாற்றங்களை எவரும் காண்பதில்லை.

கழுத்தின் முன்புறத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்தது தைரொயிட் சுரப்பி. அதன் நிறை ஏறத்தாழ 20 கிராம். உணவிலுள்ள அயடீனைக் கொண்டு அது தைரொக்சின் என்னும் ஓமோனை ஆக்குகின்றது. 1914 ஆம் ஆண்டில் எட்வர்ட் கெண்டல் என்னும் அமெரிக்க அறிஞர் இதனைத் தனியே பிரித்தெடுத்தார். உடலின் வெப்பமும், இதயத்தின் வேகமும், மூளையின் வளர்ச்சியும் இதனைச் சார்ந்தவை.

கரு கருப்பையிற் பதிந்ததும், அதனைச் சூழ்ந்த இழையம் வேறோர் ஓமோனைச் சுரக்கின்றது. குரங்கு, வாலில்லாக் குரங்கு, மனிதன் ஆகிய இனங்களுக்குரியது இது. குதிரையினத்தில் இதையொத்த ஒன்றுண்டு. கருவைக் காப்பதே இதன் முதற்கடமை. ஆயினும், தைரொயிட்டைத் தூண்டும் ஓமோனை அமைப்பில் ஒத்திருப்பதால், மனிதரில் அச்சுரப்பியையும் இது தூண்டுகின்றது. ஈஸ்திரோஜன் பெருகுவதால், தைரொக்சினைத் தாங்கிச் செல்லும் புரதமும் கூடுகின்றது. இவற்றின் விளைவாகத் தாயின் குருதியில் மொத்தத் தைரொக்சின் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகின்றது.

இப்பெருக்கம் வீணன்று. சிசுவின் சொந்தச் சுரப்பி தொழிற்படத் தொடங்குவது ஏறத்தாழ 12 ஆவது வாரத்தில். அதுவரை அதன் மூளைக்கு வேண்டிய தைரொக்சினைத் தாயே வழங்குகின்றாள். தான் கருவுற்றதை அவள் அறியுமுன்பே இவ்வாரங்களிற் சில கழிந்துவிடுகின்றன. ஏனையோருக்கு நாளொன்றுக்கு 150 மைக்கிரோகிராம் அயடீன் போதும். கருவுற்றவளுக்கு 250 வேண்டும். 1995 ஆம் ஆண்டில் இலங்கையில் உப்புக்கு அயடீன் சேர்த்தல் கட்டாயமாக்கப்பட்டதன் பெறுமதி இங்கே விளங்கும்.

கொழுப்பின் கதையும் இத்தகையதே. முற்பாதியில் உடல் கொழுப்பைச் சேமிக்கின்றது. பிற்பாதியில் அதனைக் குருதியில் விடுகின்றது. தாய் கொழுப்பை எரித்துக்கொள்ள, குளுக்கோசு சிசுவுக்கு மிஞ்சுகின்றது. கொலஸ்திரோல் காற்பங்கு முதல் அரைப்பங்கு வரை கூடலாம். திரைகிளிசரைட்டு இருமடங்கு, மும்மடங்காகலாம். நச்சுக்கொடி கொலஸ்திரோலைக் கொண்டு கருவைக் காக்கும் ஓமோனை ஆக்குகின்றது. மகப்பேற்றின் பின் இவை படிப்படியாகத் தணிந்துவிடும்.

இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். சாதாரண காலத்தில் தைரொக்சின் குறைந்தாற் கொலஸ்திரோல் ஏறும். கருப்ப காலத்திலோ அது இயல்பாகவே ஏறுகின்றது. ஆகவே அதனைக் கொண்டு தைரொயிட்டின் நிலையை அறிதல் இயலாது. களைப்பும், மலச்சிக்கலும், நிறை கூடுதலும் கருப்பத்துக்கும் தைரொயிட் குறைபாட்டுக்கும் பொதுவானவை. “பிள்ளைத்தாய்ச்சியின் சோர்வுதானே” என்று வாளாவிருந்தால் குறைபாடு மறைந்தே கிடக்கும். குருதிப் பரிசோதனை ஒன்றே அதனை வெளிப்படுத்தும். முன்னரே தைரொக்சின் மாத்திரை உட்கொள்பவள், கருவுற்றதும் அதனை நிறுத்தலாகாது. பெரும்பாலும் அளவைக் கூட்டவே நேரும். ஆதலின் தாமதியாது மருத்துவரை நாடுதல் வேண்டும். அவளுக்கு ஒரு மாத்திரையாகத் தோன்றுவது, பிறக்கவிருக்கும் பிள்ளையின் அறிவுக்கு அத்திவாரமாகும்.