இமாம் புகாரியின் மண்ணுக்குச் செல்வோர்க்கு

புகாரி என்னும் பெயர் வழங்காத முஸ்லிம் ஊர் தமிழகத்தில் அரிது. அப்பெயருக்குரிய புகாரா நகரம் இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ளது. ஹிஜ்ரி 194இல் அங்குப் பிறந்த இமாம் புகாரி (ரஹ்) அவர்கள், 256இல் சமர்கந்தை அடுத்த கர்தங்கில் மறைந்தார்கள். அவர்களின் ஹதீஸ் தொகுப்பைக் காயல்பட்டினத்தில் ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் ஓதிவரும் சமுதாயம் நம்முடையது. ஸியாரத்துக்குச் செல்வோர் சிலவற்றை அறிந்திருத்தல் நலம்.

காட்டுப்பள்ளி, பழவேற்காடு போன்ற கரையோர மக்களுக்கு அது முற்றிலும் புதிய நிலம். கடலில்லா நாடுகளே சூழ்ந்த கடலில்லா நாடு அது. கோடை சுட்டெரிக்கும், குளிர்காலம் உறையவைக்கும். ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் மாதங்களே ஏற்றவை.

இந்தியர்கள் இணையவழி விசா பெறலாம். தங்கும் விடுதியில் தரும் பதிவுச் சான்றை ஊர் திரும்பும்வரை பாதுகாக்க வேண்டும். கோடீன் கலந்த இருமல் மருந்து அங்குக் கடும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. அதனைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

வலக்கையை நெஞ்சில் வைத்து ஸலாம் உரைப்பது அவர்தம் மரபு. ‘நான்’ எனப்படும் ரொட்டியைக் கவிழ்த்து வைத்தல் அவமதிப்பாகும். பியாலாவில் தேநீரைக் குறைவாக ஊற்றுவது கஞ்சத்தனமன்று. மீண்டும் மீண்டும் ஊற்றி உபசரிக்கும் அன்பு.

அவர்கள் ஹனஃபீ மத்ஹபினர். சுப்ஹில் குனூத் ஓதுவதில்லை. ‘ஆமீன்’ மெல்லவே கூறுவர். ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்த நம்மவர் இதனை விவாதப் பொருளாக்கலாகாது. சோவியத் ஆட்சியில் பெரும்பாலான பள்ளிவாசல்கள் மூடப்பட்டிருந்தும் ஸலாமையும் பெயர்களையும் காத்துவந்த மக்கள் அவர்கள். அவர்களை அளக்க நாம் செல்லவில்லை, கற்கவே செல்கிறோம்.