ட்ரம்ப் போட்ட 50 சதவீதம்... எங்க பெரியம்மாவுக்கு எத்தனை ஷிப்ட்?

2025 ஜூலை 30, புதன்கிழமை மாலை. எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் இரண்டு செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. 5.40 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி எஃப்-16 ராக்கெட், 'நிசார்' செயற்கைக்கோளைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. அமெரிக்காவின் நாசாவும் நம் இஸ்ரோவும் கைகோத்துச் செய்த ரேடார் செயற்கைக்கோள் அது. அதே மாலை, இந்தியப் பொருள்களுக்கு 25 சதவீத வரி என்று அமெரிக்க அதிபர் ட்ரம்ப் போட்ட பதிவும் வந்தது. ஒரு பக்கம் அமெரிக்காவும் நாமும் சேர்ந்து விண்ணுக்குப் போகிறோம். இன்னொரு பக்கம் அதே அமெரிக்கா நம் பனியனுக்கு வேலி போடுகிறது. இரண்டுக்கும் செய்தி போட்டுவிட்டு நிமிர்ந்தபோது போனில் பெரியம்மாவின் மிஸ்டு கால்.

எங்கள் ஊர் சேவூர். திருப்பூர் மாவட்டம், அவிநாசிக்கு வடக்கே, புளியம்பட்டி போகிற வழி. பஸ்ஸில் வந்தால் சேவூர் கைகாட்டியில் இறங்க வேண்டும். வாலீஸ்வரர் கோயிலும், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் திங்கட்கிழமை நடக்கும் நிலக்கடலை ஏலமும் ஊருக்கு அடையாளம். காலையில் பனியன் கம்பெனி வேன்கள் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போவதும் அடையாளம்தான், ஆனால் அதை யாரும் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை.

திருப்பிக் கூப்பிட்டேன். பெரியம்மா டி.வி-யில் பார்த்திருக்கிறார். நான் 25 சதவீதம் என்றால் என்ன, எப்போதிலிருந்து என்று விளக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும் கண்ணு. ஷிப்ட் கொறைப்பாங்களா, மாட்டாங்களா? அதச் சொல்லு."

அந்தக் கேள்விக்கான பதில் அன்றைக்கு வந்த எந்தச் செய்தியிலும் இல்லை.

ஒன்றரை ஷிப்ட் கணக்கு

திருப்பூர்ப் பக்கம் தெரியாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இங்கே பனியன் கம்பெனியில் பெரும்பாலானவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஷிப்ட் கணக்கு. 8 மணி நேர வேலை ஒரு ஷிப்ட். காலை 8.30 மணிக்குப் போய் இரவு 8.30 மணிக்கு வெளியே வந்தால் ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை சம்பளம். "இந்த வாரம் எத்தனை?" என்று கேட்டால், எத்தனை ஷிப்ட் என்று அர்த்தம்.

பெரியம்மா செக்கிங் பிரிவில் இருக்கிறார். தைத்து வரும் பீஸை விரித்துப் போட்டு, ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்கும் வேலை. பக்கத்தில் பிசிர் வெட்டுகிறவர்கள், அடுத்து அயர்ன், பேக்கிங். நின்றபடியே வேலை. 12 மணி நேரம் நிற்பது யாருக்கும் ஆசை இல்லை. ஆனால் அந்த அரை ஷிப்ட்டில்தான் வீட்டின் மிச்சம் இருக்கிறது.

ஒரு ஷிப்ட்டுக்கு 400 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஆறு நாள், ஒன்றரை ஷிப்ட் என்றால் 9 ஷிப்ட், 3,600 ரூபாய். கம்பெனி யாரையும் வேலையை விட்டு அனுப்ப வேண்டாம், மாலை 5.30-க்குக் கிளம்பச் சொன்னால் போதும். 9 ஷிப்ட் 6 ஆகிவிடும். 2,400 ரூபாய். மூன்றில் ஒரு பங்கு போச்சு. ஆனாலும் 'வேலை இழந்தவர்கள்' என்ற எந்தக் கணக்கிலும் இவர் பெயர் வராது. இத்தனை லட்சம் பேருக்கு வேலை போகும் என்று டி.வி-யில் விவாதிக்கிறார்களே, அதில் விட்டுப்போவது இந்த அரை ஷிப்ட்தான்.

வேடிக்கை என்னவென்றால், வரிச் செய்தி வந்ததும் முதலில் வேலை குறையவில்லை, கூடியது! ஆகஸ்ட் 7-ல் 25 சதவீதம் அமலுக்கு வந்தது. ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குவதற்காக இன்னொரு 25 சதவீதம் என்று அதற்கு முந்தின நாளே ட்ரம்ப் உத்தரவு போட்டிருந்தார். அது ஆகஸ்ட் 27-ல் அமல். அந்தத் தேதிக்கு முன்னால் கப்பலில் ஏறி, செப்டம்பர் 17-க்குள் அங்கே சுங்கம் முடிந்த சரக்குக்கு இரண்டாவது 25 கிடையாது என்று சலுகை கொடுத்திருந்தார்கள். விடுவார்களா? கையில் இருந்த ஆர்டரையெல்லாம் முடுக்கிவிட்டார்கள். ஆகஸ்ட் நடுவில் பெரியம்மா இரவு வெகுநேரம் கழித்துத்தான் வீடு வந்தார். "வரி போட்டா வேல ஜாஸ்தியாகும்போல" என்று சிரித்தார்.

ஆகஸ்ட் 27 விநாயகர் சதுர்த்தி. லீவு போட்டு ஊருக்கு வந்திருந்தேன். அமெரிக்காவில் நள்ளிரவு 12.01, நமக்குக் காலை 9.31. கொழுக்கட்டை வெந்துகொண்டிருந்தபோது 50 சதவீதம் அமலுக்கு வந்துவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து வேன் இருட்டுவதற்கு முன்பே திரும்பி வர ஆரம்பித்தது.

ஐந்து டாலர் சட்டை

'வரியை அமெரிக்காக்காரன்தானே கட்டுகிறான், நமக்கென்ன?' என்று ஊரில் பலரும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. வரியைத் துறைமுகத்தில் கட்டுவது அங்கே இறக்குமதி செய்கிறவர்தான். ஆனால் அவர் நம்மிடம் மட்டும் வாங்குவதில்லையே.

காட்டன் டி-ஷர்ட்டுக்கு அமெரிக்காவில் ஏற்கெனவே 16.5 சதவீத வரி உண்டு. அதன்மேல்தான் 2025 ஆகஸ்டில் இந்த 50 வந்தது. ஆக, அப்போது 66.5 சதவீதம். பங்களாதேஷுக்குக் கூடுதல் வரி 20 சதவீதமாக இருந்தது, மொத்தம் 36.5. வியட்நாம், இலங்கைக்கும் அதே 20. பாகிஸ்தானுக்கு 19. அப்போது திருப்பூரிலிருந்து 5 டாலருக்கு ஒரு டி-ஷர்ட் போனால் 3 டாலர் 33 சென்ட் வரி. அதே சட்டை டாக்காவிலிருந்து போனால் 1 டாலர் 83 சென்ட். வித்தியாசம் ஒன்றரை டாலர். நம் பணத்தில் 130 ரூபாய்க்கு மேல். ஒரு சட்டையில் பத்து ரூபாய், இருபது ரூபாய்க்குப் பேரம் பேசுகிற தொழிலில் 130 ரூபாயை யார் விட்டுக்கொடுக்க முடியும்? "தள்ளுபடி கொடு, இல்லாவிட்டால் ஆர்டரை நிறுத்தி வை" என்பதுதான் அங்கிருந்து வந்த பேச்சு.

திருப்பூரின் ஓராண்டுப் பின்னலாடை ஏற்றுமதி அப்போது சுமார் 40,000 கோடி ரூபாய். அதில் ஏறக்குறைய 30 சதவீதம் அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் மாமா வீட்டை ஒட்டி ஷெட் போட்டு ஆறு மெஷின் வைத்திருக்கிறார். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர். கட்டிங் செய்த பீஸ் வரும், தைத்துக் கொடுப்பார். ஏற்றுமதி கம்பெனியோடு அவருக்கு நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. உள்ளூர் சரக்குதான். "அப்புறம் எதுக்கு மாமா கவலை?" என்றேன். "எக்ஸ்போர்ட்காரங்க சும்மா உக்காந்துட்டு இருப்பாங்களா? அவங்களும் லோக்கலுக்கு வந்துட்டா நாங்க எங்க போறதுங்கறே?" என்றார். நான் படித்த நிபுணர் பேட்டிகளில் இதை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லவில்லை.

அதே வீட்டின் திண்ணையில் அப்பிச்சிக்கு வேறு கவலை. நிலக்கடலை போக, ஒன்றரை ஏக்கரில் பருத்தி போட்டிருக்கிறார். அறுவடை ஆனதும் அவிநாசி புதன்கிழமை ஏலத்துக்குக் கொண்டுபோவார். மத்திய அரசு ஆகஸ்ட் 19-ல் பருத்தி இறக்குமதி மீதான 11 சதவீத வரியை நீக்கியது. முதலில் செப்டம்பர் 30 வரை என்றார்கள், பிறகு டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். நூல் விலை இறங்கும், பனியன் தொழில் மூச்சுவிடும் என்று மாமாவுக்குச் சந்தோஷம். வெளிநாட்டுப் பஞ்சு வந்து இறங்கினால் தன் பருத்தியை யார் கேட்பார் என்று அப்பிச்சிக்குக் கோபம். நீண்ட இழைப் பருத்திக்குக் குவிண்டாலுக்கு 8,110 ரூபாய் என்று அரசு ஆதார விலை அறிவித்திருக்கிறதே என்று சொல்லிப் பார்த்தேன். "அந்த வெலைக்கு இங்க யாரு எடுக்கறா, நீயே சொல்லு" என்று திருப்பிக் கேட்டார். ஒரே செய்தியை இரண்டு பேர் ஒரே டி.வி-யில் பார்த்து, ஒருவர் சத்தத்தைக் கூட்ட, இன்னொருவர் எழுந்து போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்பிச்சியிடம் நிசார் பற்றியும் சொன்னேன். 12 நாளுக்கு ஒருமுறை அதே நிலத்தின் மேல் வந்து, மேகம் மறைத்தாலும், இருட்டாக இருந்தாலும் படம் எடுக்கும். மண்ணின் ஈரத்தையும் பயிரையும் கணிக்க உதவும் என்றேன். "மண்ணு ஈரம் காலடியில தெரியும். பருத்தி வெல தெரியுமான்னு கேளு" என்றார். அதற்கு நாசாவிலும் பதில் இருக்காது.

ஜி.எஸ்.டி மாற்றத்துக்கும் இப்படித்தான். செப்டம்பர் 22 முதல் துணிமணி விலை குறையும் என்று நாங்களே செய்தி போட்டோம். உண்மைதான், ஆனால் யாருக்கு? 1,000 ரூபாய்க்கு மேல் 2,500 ரூபாய் வரையிலான ஆடைக்கு வரி 12-லிருந்து 5 ஆனது. ஆயிரம் ரூபாய்க்குக் கீழ் ஏற்கெனவே 5 சதவீதம்தான். மாமா தைக்கிற டி-ஷர்ட்டும், பெரியம்மா தீபாவளிக்கு எடுக்கிற சேலையும் ஆயிரத்தைத் தாண்டுவதில்லை. பாலியஸ்டர் போன்ற செயற்கை இழைக்கு 18-லிருந்து 5 ஆகக் குறைத்தது தொழிலுக்கு நல்ல செய்தி. அது சேவூர் வரை வந்து சேர நாளாகும்.

பெரியம்மா மகன் கல்லூரி இரண்டாம் ஆண்டு. "அமெரிக்கப் பொருள்களைப் புறக்கணிப்போம்" என்ற ஃபார்வர்டை எனக்கு அனுப்பினான். வாட்ஸ்அப்பில்! பிறகு ஒரு ஏஐ ஆப்பைத் திறந்து, 'அம்மா பனியன் கம்பெனி செக்கிங்கில் இருக்கிறார், என்ன ஆகும்?' என்று கேட்டிருக்கிறான். புதிய சந்தைகளைத் தேடுங்கள், மதிப்புக்கூட்டுப் பொருள்களுக்கு மாறுங்கள் என்று வரிசையாகப் பதில் வந்தது. கம்பெனி முதலாளிக்குச் சொல்ல வேண்டியதை அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறது. அவரும் முழுசாகப் படித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்குது" என்றார்.

ஊர்க்காரர்கள் பழசோடு ஒப்பிட்டுத்தான் இதை அளக்கிறார்கள். 2011 ஜனவரியில் நொய்யல் மாசுக்காகச் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த வருடம் ஊரில் எத்தனை கல்யாணம் தள்ளிப்போனது என்று இன்னும் பேசுகிறார்கள். அப்புறம் 2016 நவம்பர் பணமதிப்பிழப்பு, 2020 கொரோனா. "அதவிட இது பரவால்ல" என்கிறவர்களும் இருக்கிறார்கள், "அதெல்லாம் எப்ப முடியும்னு தெரிஞ்சுது, இது அந்தாளு மனசுல இருக்குது" என்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இரண்டாவது ஆட்கள் சொல்வதுதான் சரியென்று படுகிறது. நிறுத்தி வைத்த ஆர்டர் எப்போது திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாத நிலையில், கம்பெனியும் ஆளை விட முடியாமல், வேலையும் தர முடியாமல் அரை ஷிப்ட்டில் இழுத்துக்கொண்டிருந்தது.

நேரமும் மோசமான நேரம். பனியன் தொழிலில் 2021-ல் போட்ட நான்காண்டு சம்பள ஒப்பந்தம் 2025 செப்டம்பரோடு முடிந்தது. அப்போது மொத்தம் 32 சதவீத உயர்வு. அதில் 19 முதல் ஆண்டிலேயே கிடைத்தது. அடுத்துப் புது ஒப்பந்தம் பேச வேண்டியிருந்தது. '50 சதவீத வரி இருக்கும்போது உயர்வா?' என்று ஒரு தரப்பு கேட்கும். விலைவாசி மட்டும் நின்றுவிட்டதா என்று இன்னொரு தரப்பு கேட்கும். அந்த வருடம் அக்டோபர் 20 தீபாவளி. வருடம் முழுக்க வாங்கிய சம்பளத்தை வைத்துத்தான் போனஸ் கணக்கு. குறைந்த ஒவ்வொரு ஷிப்ட்டும் அதிலும் ஒருமுறை குறையும்.

செப்டம்பர் 19-ல் ஹெச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்ததும் எங்கள் டெஸ்க் மொத்தமும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. பனியன் செய்தி கீழே போய்விட்டது. அந்த வாரச் சனிக்கிழமை பெரியம்மாவுக்குக் கூப்பிட்டேன். அஞ்சு ஷிப்ட்டாம். ஒருநாள் லீவு விட்டுவிட்டார்கள். மகளிர் குழுக் கடன் தவணையைக் கட்டிவிட்டு, தீபாவளிச் சீட்டுக்கு அடுத்த வாரம் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம்.

செக்கிங்கில் இருக்கிறவர்களுக்குச் சரக்கு எந்த நாட்டுக்குப் போகிறது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. விலை அட்டையை இங்கேயே மாட்டி அனுப்புவதால், டாலர் குறி இருந்தால் அமெரிக்கா, யூரோ குறி இருந்தால் ஐரோப்பா, பவுண்ட் குறி இருந்தால் இங்கிலாந்து. சதுர்த்திக்கு அப்புறம் டாலர் அட்டை கண்ணில் படுவதே குறைந்துவிட்டது என்று போன தடவை சொன்னார். ஜூலை 24-ல் பிரிட்டனோடு ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறது, அது நடைமுறைக்கு வந்தால் அங்கே நம் ஆடைக்கு வரியே இருக்காது, ஆனால் இன்னும் வரவில்லை என்றேன்.

"வெள்ளிக்கெழம பவுண்டு அட்டைல குழந்தைக ட்ரஸ்ஸு கொஞ்சம் வந்துச்சு கண்ணு" என்றார். "திங்கக்கெழம ஒன்றரைக்கு இருக்கச் சொல்லியிருக்காங்க. செவ்வாக்கெழம தெரியல."