முத்தோரை தொலைநோக்கியும் வால்மீனின் வாலும்

ஊட்டி அருகே முத்தோரையில் மலைச்சரிவோடு 530 மீட்டர் நீண்டு கிடக்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்திருக்கிறீர்களா? கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் உருவாகி 1970-ல் இயங்கத் தொடங்கியது. சூரியக் காற்றை அளப்பது அதன் முக்கியப் பணிகளில் ஒன்று. தொலைதூர விண்மீன் மண்டலங்களின் ரேடியோ அலைகள் அந்தக் காற்றினூடே வரும்போது மினுங்கும். அந்த மினுக்கத்தை வைத்தே வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர்!

வால்மீனின் வாயு வாலைச் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் தள்ளுவதும் இதே காற்றுதான். அதனால் திரும்பிப் போகும் வால்மீனுக்கு வால் முன்னே செல்லும்.

அந்த வாயு வருவது, 460 கோடி ஆண்டுகளுக்கு முன் கோள்கள் உருவானபோது மிஞ்சிய பனியிலிருந்து. பூமி உருகித் தன் மூலப்பொருளின் அடையாளத்தை இழந்துவிட்டது. கடுங்குளிரில் கிடந்த வால்மீன் அதைப் பெரும்பாலும் காத்து வைத்திருக்கிறது. ஆனால் சூரியனை நெருங்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கரைகிறது. 1986-ல் வந்த ஹாலி, 2061-ல் மீண்டும் வரும்போது இன்னும் கொஞ்சம் இழக்கும்.