சிவப்பணுவின் 120 நாள் பயணம்

குண்டூசித் தலையளவு இரத்தத்தில் ஏறத்தாழ 50 இலட்சம் சிவப்பணுக்கள் இருக்கின்றன. நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு, உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை அதைக் கொண்டு சேர்ப்பதே இவற்றின் பணி. உடலின் பெரும்பாலான அணுக்களுக்கு உட்கரு உண்டு. முதிர்ந்த சிவப்பணுவுக்கோ அது இல்லை. அந்த இடத்தையும் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினே நிரப்பிக்கொள்கிறது.

நடுவில் குழிந்த வட்டத் தட்டுப் போன்ற இந்த அணுவின் அகலம், ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதைவிடக் குறுகலான இரத்த நுண்குழாய்களும் நம் உடலில் உள்ளன. அங்கே சிவப்பணு தன்னை மடித்துக்கொண்டு நுழைகிறது. வெளியேறியதும் பழைய வடிவத்தைப் பெறுகிறது. ஏறத்தாழ 120 நாள்கள் உழைத்தபின் அது சிதைக்கப்படுகிறது. அதிலுள்ள இரும்புச்சத்தை உடல் வீணாக்காமல் மீண்டும் பயன்படுத்துகிறது. எலும்பு மச்சையோ நொடிக்கு 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட புதிய சிவப்பணுக்களை உருவாக்குகிறது.

இவ்வாறு வளைந்துகொடுக்கும் தன்மை குன்றினால் என்ன ஆகும்? விடையை அறிய, கோவையிலிருந்து ஆனைகட்டி வழியாகப் பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடிக்குச் செல்லலாம். பவானியும் சிறுவாணியும் பாயும் இம்மலைப்பகுதியில் இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் வாழ்கின்றனர். இவர்களுள் சிலரிடம் அரிவாள் செல் நோய் காணப்படுகிறது. அருகிலுள்ள நீலகிரிப் பழங்குடியினரிடம் இதன் மரபுக்கூறு இருப்பதை 1952ஆம் ஆண்டிலேயே அறிவியலாளர்கள் கண்டறிந்து வெளியிட்டனர்.

ஹீமோகுளோபினை உருவாக்கும் மரபணுவில் நேரும் ஒரே ஒரு சிறு மாற்றமே இந்நோய்க்குக் காரணம். ஆக்சிஜனை இறக்கியதும் சிவப்பணு கதிர் அரிவாள்போல் வளைந்து விறைத்துவிடுகிறது. குறுகிய குழாய்களில் அது சிக்கிக்கொள்ளும்போது கடும் வலி உண்டாகிறது. 120 நாள்கள் வாழவேண்டிய அணு 10 முதல் 20 நாள்களிலேயே அழிந்துவிடுவதால் இரத்தசோகையும் ஏற்படுகிறது.

இது தொட்டால் பரவும் நோயன்று. உடன் அமர்ந்து உண்பதாலோ விளையாடுவதாலோ ஒருவரிடமிருந்து மற்றவருக்கு வராது. மாறிய மரபணுவைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெறும் குழந்தைக்கே நோய் உண்டாகிறது. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் பொதுவாக நலமாகவே வாழ்வார். அவருக்கு மலேரியாவின் கடுமையிலிருந்து ஓரளவு பாதுகாப்பும் கிடைக்கிறது. மலேரியா மிகுந்திருந்த நிலப்பகுதிகளில் இம்மரபணு தலைமுறைகளாக நிலைத்ததற்கு அதுவே காரணம்.

பெற்றோர் இருவருமே இம்மரபணுவைச் சுமப்பவராயின், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. எளிய இரத்தப் பரிசோதனையால் இதை முன்னரே அறியலாம். 2047ஆம் ஆண்டுக்குள் இந்நோயை ஒழிக்கும் நோக்குடன், 2023 ஜூலை 1 அன்று தேசிய இயக்கம் ஒன்றை மத்திய அரசு தொடங்கியது.

குழந்தைகளே, உங்கள் வகுப்பில் இந்நோயுள்ள தோழர் இருந்தால், அவர் அடிக்கடி நீர் பருகவும், குளிரில் கம்பளி அணியவும், களைத்தபோது ஓய்வெடுக்கவும் துணைநில்லுங்கள். இவை அவருடைய வலியைத் தவிர்க்க உதவும். அவருக்குத் திடீரெனக் காய்ச்சலோ வலியோ வந்தால், உடனே ஆசிரியரிடம் கூறுங்கள்.