ஒதுங்கினாரா, ஒதுக்கினோமா?



தவக்காலம் பிறந்ததும் நம் பங்குகளில் தியானத்தைப் பற்றிய பேச்சு எழுந்துவிடும். இந்த ஆண்டு யார் கொடுக்கிறார், மூன்று நாளா ஐந்து நாளா என்று கேட்பீர்கள். பிற சமய நண்பரிடம் "தியானத்துக்குப் போகிறேன்" என்றால் அவர் கண்ணை மூடி உட்காருவதைத்தான் நினைப்பார். நம் வழக்கில் அது வேறு. வீட்டையும் வேலையையும் விட்டுச் சில நாள் தனித்திருந்து இறைவார்த்தையைக் கேட்பதைத்தான் நாம் தியானம் என்கிறோம். நம் முன்னோர் இதையே 'ஞான ஒடுக்கம்' என்றார்கள். திருச்சபையின் இலத்தீன் மொழியில் இதற்கு உள்ள பெயர்களில் ஒன்று 'செச்செஸ்ஸுஸ்'. அது பிறந்த வினைச்சொல் 'செச்சேதெரே'. இன்று அந்த ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம்.

'சேதெரே' என்றால் நடத்தல், இடம் விட்டு நகர்தல், விட்டுக்கொடுத்தல். முன்னால் நிற்கும் 'செ' என்ற ஒட்டுக்குத் தனியாக, அப்பால் என்று பொருள். இரண்டும் சேர்ந்தால் தனியே விலகிப் போதல். தமிழில் இதற்கு மிக நெருங்கிய சொல் 'ஒதுங்குதல்' என்பது நம் எண்ணம். மழைக்கு ஒதுங்குகிறோம். வண்டி வந்தால் ஓரமாக ஒதுங்குகிறோம். வம்பு வேண்டாம் என்றும் ஒதுங்குகிறோம். கிராமத்தில் ஒருவர் "ஒதுங்கப் போயிருக்கிறார்" என்றால் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. இலத்தீனிலும் அதே கதைதான். வாய்க்குள் போவது மனிதரைத் தீட்டுப்படுத்தாது என்று இயேசு விளக்கும் இடம் மத்தேயு 15ஆம் அதிகாரத்தில் வருகிறது. உண்டது கடைசியில் போய்ச் சேரும் இடத்துக்கு அங்கே இலத்தீன் விவிலியம் இடும் பெயர் 'செச்செஸ்ஸுஸ்'. தியானத்துக்கும் அதற்கும் ஒரே சொல்லா என்று குருமடத்தில் நாங்கள் சிரித்த சிரிப்பில், ஆசிரியர் புத்தகத்தை மூடிவிட்டுப் போய்விட்டார். அவரும் ஒதுங்கினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

பழைய ரோமையில் இது போராட்டத்தின் சொல்லாகவும் இருந்தது. கி.மு. 494இல், கடன் கட்ட முடியாமல் கடன் கொடுத்தவர்களின் கையில் அடிமைகளாகிக்கொண்டிருந்த எளிய மக்கள் நகரத்தை விட்டு வெளியேறி, அனியோ ஆற்றுக்கு அப்பால் இருந்த குன்றில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். ஒருவரையும் அடிக்கவில்லை, ஒதுங்கினார்கள், அவ்வளவுதான். நகரம் ஆடிப்போயிற்று. மேல்குடியினர் சார்பில் சமாதானம் பேசப் போன மெனேனியுஸ் அக்ரிப்பா அங்கே ஒரு கதை சொன்னதாக லிவியு என்ற வரலாற்று ஆசிரியர் எழுதுகிறார். வயிறு மட்டும் சும்மா இருந்து தின்கிறது என்று கோபித்துக் கைகளும் வாயும் பற்களும் வேலை செய்ய மறுத்தன. கடைசியில் முழு உடலும் வாடிப்போயிற்று. இதுதான் கதை. புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 12ஆம் அதிகாரம் உடனே நினைவுக்கு வருகிறது அல்லவா? ஆனால் வேறுபாட்டைக் கவனியுங்கள். அக்ரிப்பாவின் கதை வயிற்றுக்காக வாதாடுகிறது. பவுலோ வலுவற்ற உறுப்புகளுக்காகவும் மதிப்புக் குறைந்தவையாக எண்ணப்படும் உறுப்புகளுக்காகவும் பேசுகிறார். இன்னொன்றும் உண்டு. அந்த மக்கள் கதை கேட்டு மயங்கி மட்டும் திரும்பிவிடவில்லை. தங்களுக்காகப் பேச தங்களிலிருந்தே அதிகாரிகள் இருப்பார்கள் என்று ஒப்புக்கொண்ட பிறகே திரும்பினார்கள். ஒதுங்கிப் போனவரை அழைத்து வர நல்ல கதை மட்டும் போதவில்லை.

இப்போது நற்செய்திக்கு வருவோம். 382ஆம் ஆண்டு திருத்தந்தை தமாசுவின் கட்டளைப்படி புனித எரோனிமுஸ் நற்செய்திகளின் இலத்தீன் மொழிபெயர்ப்பைச் செப்பனிடத் தொடங்கினார். அவர் தந்த மத்தேயு நற்செய்தியில் இந்த வினைச்சொல் அடிக்கடி வருகிறது. ஏரோது குழந்தையைத் தேடுகிறான், யோசேப்பு இரவோடு இரவாகத் தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஒதுங்குகிறார். திரும்பி வரும்போது யூதேயாவில் அர்க்கெலாவு ஆள்கிறான் என்று கேட்டுக் கலிலேயாவுக்கு ஒதுங்குகிறார். திருமுழுக்கு யோவான் சிறைப்பட்டதும் இயேசு கலிலேயாவுக்கு ஒதுங்குகிறார். யோவானின் தலை வெட்டப்பட்ட செய்தி வந்ததும் படகேறித் தனிமையான இடத்துக்கு ஒதுங்குகிறார். ஒவ்வொரு முறையும் பின்னால் ஓர் ஆபத்தோ துக்கமோ இருக்கிறது. ஆண்டவரே ஒதுங்கியிருக்கிறார் என்னும்போது, அடிக்குப் பயந்து குழந்தைகளோடு வெளியேறுகிற பெண்ணைப் பார்த்து "சிலுவையைச் சும" என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்? யோசேப்பை யாரும் கோழை என்று சொல்வதில்லை.

லூக்கா 5ஆம் அதிகாரத்தில் அதே வினைச்சொல் தொடர்ச்சியைக் காட்டும் இறந்தகால வடிவத்தில் நிற்கிறது. இயேசு ஒருநாள் ஒதுங்கினார் என்பதோடு நிற்கவில்லை, ஒதுங்குவது அவர் வழக்கம் என்ற பொருள். கூட்டம் பெருகப் பெருக அவர் தனிமைக்குப் போய் மன்றாடுவார். கெத்சமனியில் மட்டும் இச்சொல் இல்லை. அங்கே 'பிய்த்தெடுக்கப்பட்டார்' என்ற பொருள் தரும் கடுமையான சொல் வருகிறது. சீடரை விட்டு விலகுவது அன்று அவருக்கு அத்தனை வலித்தது போலும். அப்போதும் போன தூரம் ஒரு கல்லெறி தூரம்தான்.

மத்தேயு நற்செய்தியின் மூல மொழியான கிரேக்கத்துக்குப் போனால் நம்மைத் திடுக்கிட வைக்கும் ஒன்று இருக்கிறது. யோசேப்பு எகிப்துக்கு ஒதுங்கினார் என்பதற்கு மத்தேயு பயன்படுத்தும் அதே வினைச்சொல்லை அவர் இன்னொருவருக்கும் பயன்படுத்துகிறார். வெள்ளிக்காசுகளைக் கோவிலில் எறிந்துவிட்டுப் போன யூதாசுக்கு! பாலைநிலத்துத் துறவிகளுக்குக் கிரேக்கத்தில் பெயர் வந்ததும் இதே சொல்லிலிருந்துதான். நம் வனத்து அந்தோணியார் அவர்களில் ஒருவர். எரோனிமுஸ் யூதாசுக்கு ஒட்டை மாற்றி 'ரெச்சேதெரே' என்று போட்டார். பின்வாங்கிப் போதல் என்று கொள்ளலாம். அப்படியானால் 'ரெச்சேதெரே' கெட்ட விலகல் என்று முடிவு கட்டலாமா? முடியாது. புனித பெனடிக்ட் ரோமையின் படிப்பை உதறிவிட்டுப் போனதை எழுதும்போது திருத்தந்தை பெரிய கிரகோரி அதே சொல்லைத்தான் இடுகிறார். குருக்கள் தியானம் செய்யக் கடமைப்பட்டவர்கள் என்று கூறும் திருச்சபைச் சட்டம் 276இலும் இதிலிருந்து பிறந்த சொல்தான். சொல்லை வைத்துத் தீர்ப்பிட வழியில்லை.

யூதாசு ஒதுங்குவதற்கு முந்தைய வரிகளைப் படியுங்கள். அவர் தன் பாவத்தை வாய் திறந்து அறிக்கையிட்டார். தலைமைக் குருக்களிடமும் மூப்பர்களிடமும் போய்ச் சொன்னார். அது உன் பாடு, எங்களுக்கென்ன என்று அவர்கள் கைகழுவினார்கள். அதன் பிறகுதான் போனார். பெனடிக்டுக்கு நடந்தது வேறு. சுபியாகோ குகையில் அவர் மூன்றாண்டு இருந்தார். ரோமானுஸ் என்ற துறவி தன் உணவில் மிச்சம் பிடித்த ரொட்டியைக் கயிற்றில் கட்டி இறக்குவார். கயிற்றில் ஒரு மணி தொங்கும். ஒரு முறை தனக்கென்று உயிர்ப்பு விழா உணவு சமைத்திருந்த குரு ஒருவர், ஆண்டவரின் ஏவுதலால் அதை எடுத்துக்கொண்டு மலையெல்லாம் தேடிக் குகையைக் கண்டுபிடித்தார். அன்று உயிர்ப்பு விழா என்பதே பெனடிக்டுக்குத் தெரியவில்லை.

தமிழில் ஒரு வசதி உண்டு. ஒதுங்கு என்றால் தானே விலகுவது. ஒரு மெய்யெழுத்தை மாற்றி ஒதுக்கு என்றால் பிறர் விலக்குவது. ஒடுங்கு, ஒடுக்கு என்பதும் அப்படித்தான். இலத்தீன் வினைச்சொல்லில் இந்த இரண்டாவது வடிவம் இல்லை. ஒருவர் போனார் என்று மட்டும் அது சொல்லும். ஏன் போனார் என்பதற்கு முந்தைய வரிகளைத்தான் பார்க்க வேண்டும்.

நாம் முன்பு பணிசெய்த ஒரு பங்கில் ஒரு கொத்தனார் இருந்தார். கோவில் கெபி அவர் கையால் எழுந்தது. திருவிழா முடிந்து நடந்த கூட்டத்தில், கணக்கில் ஏதோ இடிக்கிறது, கோவிலில் வாசியுங்கள் என்றார். நமக்கு அன்று உடல் அலுப்பு, பேச்சு எரிச்சலாகப் பட்டது. "நம்பிக்கை இல்லாதவர்கள் எழுந்து போகலாம்" என்றோம். அவர் எழுந்து போனார். அதன் பின் ஞாயிறு தோறும் திருப்பலி நேரத்தில் வெளியே வேப்ப மரத்தடியில் நிற்பார். உள்ளே வரமாட்டார். அவருடைய மனைவி மட்டும் உள்ளே வந்து உட்காருவார். யாராவது கேட்டால், "அவராகத்தான் ஒதுங்கிக்கொண்டார்" என்று சொல்லி வந்தோம். ஒன்றரை ஆண்டு அப்படியே சொன்னோம்.

அடுத்த ஆண்டுத் தியானத்தில் தியானம் கொடுத்த முதிய குருவிடம் இதைச் சொன்னபோதும் அதே வாக்கியம்தான் வந்தது. அவர், "எழுந்து போகச் சொன்னது யாரு சாமி?" என்று மட்டும் கேட்டார். பிறகு மத்தேயு 27ஐப் படிக்கச் சொன்னார். அது உன் பாடு என்று சொன்னவர்கள் குருக்கள் என்பது அதுவரை நமக்கு உறைத்ததே இல்லை.

ஊர் திரும்பிய அன்று மாலை கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். பம்படியில் கரண்டியும் மட்டப் பலகையும் கழுவிக்கொண்டிருந்தார். "வாங்க சாமி" என்று நாற்காலி போட்டார். அந்தக் கூட்டத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நமக்கும் வாய் வரவில்லை. புத்தகத்தை நீட்டினோம். கையைத் துடைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார். பந்தல்காரர் ரசீது ஒன்று இரண்டு இடத்தில் ஏறியிருந்தது. "களவு இல்ல சாமி, எழுத்துத் தப்பு. அதத்தான் சொல்ல வந்தேன்" என்றார். கட்டன்காப்பி வந்தது, குடித்தோம்.

ஞாயிறு திருப்பலி முடிவில் கணக்கை வாசித்து, தவறு நம்முடையது என்றும், கூட்டத்தில் பேசியது அதைவிடப் பெரிய தவறு என்றும் சொன்னோம். அன்றும் அவர் மரத்தடியில்தான் நின்றார். ஒலிபெருக்கி அங்கே கேட்கும்படி உபதேசியார் முந்தின நாளே திருப்பி வைத்திருந்தார். அவர் உள்ளே வர உயிர்ப்பு விழா ஆயிற்று.